அரை அரைக் கிலோவாய்க் குறைந்தவள்

இதயம் கெட்டால் நெஞ்சு வலிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வலிக்கவே இல்லை. முதலில் செருப்புதான் பத்தாமல் போனது.

சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகிற ரப்பர் செருப்பு அது. காலையில் சரியாக இருக்கும். மதியத்துக்குள் வார் காலைக் கடிக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்து கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரியும். சதை போட்டுவிட்டேன் என்று நினைத்து ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். இரண்டு மாதத்தில் அதுவும் பத்தவில்லை.

என் பெயர் லெட்சுமி. பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருபத்திரண்டு வருஷம் காலைச் சந்தையில் காய்கறி விற்றவள். கெப்பாலா பத்தாஸிலிருந்து லாரியில் வரும் கூடைகளை நானே இறக்கி, நானே அடுக்கி, நானே நிறுத்துக் கொடுத்தவள். அந்த வருஷத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் படியில் ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன். வயசாகிறது என்றார்கள். ஐம்பத்தொன்று ஒரு வயசா? அப்புறம் இருமல் வந்தது. படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். கிளினிக் டாக்டர் இரண்டு மாதம் இருமல் மருந்து கொடுத்தான். சிவப்பு பாட்டில், பிறகு பச்சை பாட்டில். காலைக் காட்டுங்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

மூன்று தலையணை வைத்துத் தூங்கினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். ஒரு காலையில் பாகற்காயை நிறுத்துவிட்டு விலை சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சு வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என் மகள் சுமதிக்குப் போன் பண்ணினார்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். நடந்த தப்பு என்னுடையது. அதை அவர்கள் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் செய்ததைச் செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் நாள் முழுக்கக் காத்திருப்புதான். சக்கர நாற்காலியில் உட்கார்த்தி ஒரு சுவரோரமாக விட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத்துடிப்பைக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்க மூச்சைப் பிடி என்றார்கள். பிடிக்க மூச்சு இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? சுமதி தொழிற்சாலை யூனிஃபார்மோடு என் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைக்கவில்லை.

சாயங்காலம்தான் ஒரு சின்ன டாக்டர் வந்து புரிகிற மாதிரி சொன்னார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தாவாக, வந்தவராம். வீட்டில் இன்னும் அந்தப் பேச்சுதான் போலிருக்கிறது.

"அம்மா, உங்கட இதயம் ஒரு பம்ப். அது களைச்சுப் போச்சு. வாற ரத்தத்தை முழுக்க வெளியில தள்ள அதால ஏலாது. அதாலதான் தண்ணி பின்னுக்குத் தேங்குது. முதல்ல காலில, பிறகு வயித்தில, இப்ப நுரையீரலுக்கையும் வந்திட்டுது."

"ஃபெயிலியர்னு எழுதியிருக்கீங்களே டாக்டர். அப்படின்னா நின்னு போச்சா?"

"நிண்டால் நீங்கள் என்னோட கதைச்சுக்கொண்டு இருப்பீங்களோ?"

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. ஆனால் அன்று முழுக்க என்னை ஒரு மனுஷியாகப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

வைத்தியம் என்னவென்றால் தண்ணீரை இறக்குவதுதான். நரம்பில் ஊசி போடுவார்கள். போட்ட அரை மணியில் கழிப்பறைக்கு ஓடவேண்டும். குடிக்கத் தண்ணீர் அளந்துதான் தருவார்கள், ஒரு நாளைக்கு நாலு கிளாஸ். கஞ்சி, கோப்பி எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். உப்பு கிடையாது. தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கக் காலையில் வெறும் வயிற்றில் எடை எடுப்பார்கள். எடை குறைந்தால் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்துத்தான் அன்றைக்கு ஊசி எவ்வளவு என்று முடிவாகும்.

உப்பில்லாத சோற்றை நாலு நாள் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு என்னிடம் பேசுங்கள். என் வீட்டுக்காரர் மணியம் பாயான் பாருவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. அவர் காலை ஷிஃப்ட் பெண்களை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சி, உப்புக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து, மதியப் பார்வை நேரத்துக்குக் கொண்டுவருவார். முதல் நாள் அடிப்பிடித்த வாடை. நான் முகத்தைச் சுளித்தேன். "நாளைக்குச் சரியா செய்றேன்லா," என்றார். மறுநாளும் அடிப்பிடித்திருந்தது. சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்துவார். குழி விழும். குழி நிரம்பும்வரை ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணுவார். டாக்டர் அப்படி அழுத்திப் பார்த்ததை இவர் பார்த்து வைத்துக்கொண்டார். அது அவருடைய தினசரி வேலையாகிவிட்டது.

இப்போது வார்டைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

பெண்கள் வார்டு, இருபத்து நாலு கட்டில். வாசலை ஒட்டி மிஸ்ஸிகள் உட்காரும் கவுண்டர். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கவுண்டருக்குப் பக்கத்தில் நாலு கட்டில். ரொம்ப மோசமானவர்களை அங்கே போடுவார்கள். கொஞ்சம் தேறியவர்களுக்கு நடு வரிசை. நன்றாகத் தேறியவர்கள் கடைசியில் ஜன்னலோரம் போவார்கள். ஜன்னலோரத்திலிருந்து வீட்டுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் சேர்ந்த இரண்டாவது நாளே எல்லா நோயாளிக்கும் தெரிந்துவிடும். காலையில் அட்டெண்டன் வந்து ஒரு கட்டிலின் சக்கரப் பூட்டைத் தட்டி விடுவித்தால் இருபத்து நாலு பேரும் எந்தப் பக்கம் தள்ளுகிறான் என்று தலையைத் தூக்கிப் பார்ப்போம்.

என்னை நடு வரிசையில் பதினோராம் கட்டிலில் போட்டிருந்தார்கள். நான் போன முதல் வாரத்தில் மூன்று பேரை நடு வரிசையிலிருந்து கவுண்டர் பக்கம் தள்ளினார்கள். பச்சைத் திரை போட்டார்கள். ஒருத்தியும் ஜன்னலோரத்துக்கு வரவில்லை.

பன்னிரண்டாம் கட்டிலில் கதீஜா அக்கா. சர்க்கரையும் இதயமும் சேர்ந்த நோய். அவர் வீட்டில் நாசி கண்டார் கடை, சோறும் கறியும் விற்கிற கடை. பிள்ளைகள் தினமும் கறி கொண்டுவருவார்கள். மிஸ்ஸிகள் தினமும் அதைத் திருப்பி அனுப்புவார்கள். அவர் மூடியைத் திறந்து மோந்து மட்டும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு உப்பு கூடப் போச்சு, உங்க வாப்பாட்ட சொல்லு," என்று சொல்லி அனுப்புவார். அந்த வார்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்தால் அவரால்தான்.

முதல் நாலு நாளில் என் எடை எழுபத்திரண்டிலிருந்து எழுபதுக்கு வந்தது. பிறகு நின்றுவிட்டது. எழுபது, எழுபது, மறுபடி எழுபது. சின்ன டாக்டர் சார்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இப்பிடியே இறங்காமல் நிண்டால், கட்டிலைக் கவுண்டர் பக்கம் மாத்திப்போட்டு மருந்தை மெஷினில ஏத்த வேண்டி வரும் அம்மா. ஒரு ரெண்டு மூண்டு நாள்தான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது 'கவுண்டர் பக்கம்' மட்டும்தான். மருந்தை மெஷினில் ஏற்றினால் என்ன ஆகும், ஏற்றாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

எடை எடுக்கிறவர் மிஸ்ஸி ரொஹானி. இருபத்தைந்து வயசு இருக்கும். தரையில் வைக்கிற எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவார். என்னை இறக்கி அதில் நிற்கவைத்து, குனிந்து முள்ளைப் பார்த்து எழுதுவார். நிற்க முடியாதவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

நான் தராசுக்காரி. கைத்தராசு காலத்தில் எத்தனையோ பேர் சுண்டுவிரலை வைத்துக் கள்ளம் பண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். நான் பண்ணியதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரு வாடிக்கையாளருக்குக்கூட இல்லை. ஆனால் எப்படிப் பண்ணுவது என்று எனக்குத் தெரியும். அரைக் கிலோ வெண்டைக்காயின் கனம் கண்ணை மூடிக்கொண்டாலும் என் கைக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் இடது கையைக் கட்டில் கம்பியில் வைத்து அரைக் கிலோ அளவுக்கு அழுத்தினேன். முள் அறுபத்தொன்பதரையில் நின்றது.

"பாகுஸ், ஆன்ட்டி!" நல்லது என்றார் ரொஹானி. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மறுநாள் அறுபத்தொன்பது. அதற்கு மறுநாள் அறுபத்தெட்டரை. பேராசைப்படவில்லை. ஒரே நாளில் இரண்டு கிலோ குறைத்தால் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும். தினம் அரை, தினம் அரை. சந்தையில் கள்ளம் பண்ணுகிறவர்களும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பண்ணுவார்கள்.

கதீஜா அக்கா மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். ரொஹானி அந்தப் பக்கம் போனதும், "ஏம்மா லெட்சுமி, நீ பிடிக்கிற பிடியில கட்டிலு காலு வளைஞ்சிரப் போவுது," என்றார்.

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். யாரை ஏமாத்துறேன்னு மட்டும் பாத்துக்க."

நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

எடை குறைகிறது என்று பார்த்து ஊசியை நிறுத்தினார்கள். மாத்திரைக்கு மாற்றினார்கள். அதுதான் நான் செய்த காரியத்தின் பலன். தண்ணீர் போகாத உடம்புக்கு, போய்விட்டது என்று நினைத்து மருந்தைக் குறைத்தார்கள். மூச்சு மறுபடி வாங்க ஆரம்பித்தது. டாக்டர்கள் சுற்றிவரும் நேரத்தில் மட்டும் தலையணையை எடுத்துவிட்டு மட்டமாகப் படுத்துக் காட்டுவேன். அவர்கள் அடுத்த வரிசைக்குப் போனதும் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பத்து நிமிஷம் தண்ணீருக்குள் முங்கி இருப்பதுபோல் இருக்கும்.

மணியம் ஒரு நாள் என் காலை அழுத்தியவர் விரலை எடுக்காமல் யோசித்தார்.

"எடை எறங்குதுன்னு சொல்றாங்க. குழி அப்படியே இருக்கே லெட்சுமி. நேத்தைக்கு இருபது எண்ணுனேன், இன்னைக்கு இருபத்தாறு."

"உங்களுக்கு எண்ணத் தெரியல. நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல, கேட்டேன்."

"பஸ்ஸை ஓட்டுங்க, போதும்."

என் கால் மேல் போர்வையை இழுத்துவிட்டார். அந்த மனுஷனை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி இளநீர் கொண்டுவந்தாள். ஒருவர் என் எதிரிலேயே, "என் சம்பந்திக்கும் இதே வியாதிதான், பாவம்," என்றார். பாவம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கம்பியை அழுத்த ஆரம்பித்த ஏழாம் நாள் என் எடை அறுபத்தாறரை. என்னை ஜன்னலோரத்துக்குத் தள்ளினார்கள். இருபத்து நாலு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மறுநாள் அறுபத்தாறு. அதற்கடுத்த நாள் வீடு என்றார்கள்.

அன்று காலை எடை எடுத்து முடிந்துவிட்டது. அறுபத்தைந்தரை. சுமதி லீவு போட்டுவிட்டு வந்து என் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மணியமும் வந்திருந்தார். அப்போதுதான் சின்ன டாக்டர் ஒரு ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்தில் அது ஒரு சின்ன அலமாரி அளவு இருக்கும். மேலே டிவி மாதிரி ஒரு பெட்டி, கீழே சக்கரம். சாதாரணமாக அது கீழ்மாடியில் ஸ்கேன் அறையில்தான் இருக்கும். அதற்குப் பேர் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நடக்க முடியாத ஒரு சீனப் பாட்டிக்காக இவர் சொல்லி வாங்கி மேலே கொண்டுவந்திருந்தார். இப்படிக் கட்டிலுக்கே மெஷினைக் கொண்டுவந்து பார்ப்பது அவருக்கு ஒரு ஆசை. மற்ற டாக்டர்கள் அவரைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். வந்தது வந்தாகிவிட்டது, வீட்டுக்குப் போகிற அம்மாவையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நோகுமா டாக்டர்?"

"நோகாது. குளிரும், அவ்வளவுதான்."

நெஞ்சுக்கு இடது பக்கம் பசை மாதிரி ஒன்றைத் தடவி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை வைத்து அழுத்தினார். காதுக்குக் கேட்காத சத்தத்தை அது உள்ளே அனுப்புமாம். அது பட்டுத் திரும்பி வருவதை வைத்துப் படம் வரையுமாம். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். கறுப்பும் சாம்பலுமாக மழை பெய்வதுபோல் ஒரு படம். நடுவில் ஏதோ ஒன்று மெதுவாக அசைந்தது.

"இதுதான் உங்கட இதயம்."

அது அடிக்கவில்லை. அலுத்துப்போனவன் கையை ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் இதை நம்பியா கூடை தூக்கினேன் என்று இருந்தது.

பிறகு கருவியை விலா எலும்புக்குக் கீழே, வயிற்றின் மேல் பகுதியில் வைத்தார். குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

"உடம்பின்ர கீழ்ப்பாதி ரத்தம் முழுக்க இந்தப் பெரிய குழாயாலதான் இதயத்துக்குப் போகும். இப்ப மூச்சை உள்ளுக்கு இழுங்கோ."

இழுத்தேன்.

"இன்னொருக்கா. நல்லா இழுங்கோ."

இழுத்தேன். அவர் முகம் மாறியது. என் முதுகுப் பக்கம் வைத்துப் பார்த்தார். மறுபடி வயிற்றுக்கு வந்தார்.

"மூச்சு இழுக்கேக்க இந்தக் குழாய் சுருங்க வேணும் அம்மா. உறிஞ்சினால் ஸ்ட்ரோ ஒட்டுற மாதிரி. உங்களுக்கு அது அசையவே இல்லை. முட்ட நிரம்பிப்போய் நிக்குது. நுரையீரலைச் சுத்தியும் தண்ணி கிடக்கு." கட்டில் காலில் தொங்கிய சார்ட்டை எடுத்தார். "இதில ஆறரைக் கிலோ குறைஞ்சிட்டுது எண்டு இருக்கு. பிறகு இந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது?"

நான் சுமதி அடுக்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார், என் காலை அழுத்தினார், சார்ட்டைப் பார்த்தார். சார்ட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "யார் எடை எடுத்தது?" என்றார்.

ரொஹானி வந்து நின்றார்.

பெரிய டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பேனாவால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசினார். எனக்குப் புரிந்தது இதுதான்: அறுபத்தொன்பதரை, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டரை. எந்த மனுஷ உடம்பு தினமும் சரியாக அரைக் கிலோ குறையும்? ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ எடை எடுத்தாயா, இல்லை முந்தின நாள் எண்ணில் அரையைக் கழித்து எழுதினாயா? இதை நம்பி நான் மருந்தை நிறுத்தியிருக்கிறேன். இவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா?

"தினமும் எடுத்தேன் டாக்டர்," என்றார் ரொஹானி. என் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி, சொல்லுங்க. தினமும் உங்களை நிக்கவச்சு நான் எடுத்தேன்தானே?"

"ஆமா," என்றேன். "எடுத்தாங்க."

பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. மாட்டாமல் இருக்க நான் அழகாகப் போட்ட அரை அரைக் கணக்குதான் அந்தப் பெண்ணின் கழுத்தைப் பிடித்திருந்தது. பெரிய டாக்டர் முகத்தில் நம்பிக்கை இல்லை. நோயாளி மிஸ்ஸிக்கு ஆதரவாகப் பேசுகிறாள் என்று நினைத்தார். "மிஷினைக் கொண்டு வா. இப்பவே," என்றார்.

ரொஹானி எடை மிஷினை என் கட்டிலோரம் வைத்தார். சின்ன டாக்டர் என்னை எழுப்பி நிறுத்தினார். மணியம், சுமதி, இரண்டு டாக்டர்கள், ரொஹானி. நடு வரிசையில் கதீஜா அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் ஏறி நின்றேன். என் இடது கை தானாகக் கட்டில் கம்பிக்குப் போனது. பழகிவிட்டது. அழுத்தினேன். முள் அறுபத்தைந்தரையில் வந்து நின்றது. ரொஹானி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பாருங்க டாக்டர்," என்றார். அழுகை வரப் பார்த்தது அவருக்கு. தான் சரி என்று நிரூபித்துவிட்ட அழுகை.

இப்படியே விட்டிருந்தால் எடை மிஷின் கெட்டுவிட்டது என்று வேறொன்றைத் தேடியிருப்பார்கள். ரொஹானிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த மிஷினிலும் நான் கம்பியைப் பிடித்திருப்பேன், பிடித்துக்கொண்டே செத்திருப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஸ்கிரீனில் அந்தப் படம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அசையாத கறுப்புக் குழாய். அதைப் பார்த்துக்கொண்டே கையை எடுத்தேன்.

முள் ஏறியது. அறுபத்தெட்டைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது. எழுபத்தொன்றரையில் போய் நின்றது.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. எழுபதில் இருக்கிறேன், நாலரைக் கிலோ மறைக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். முள் நான் நினைத்த இடத்துக்கு வரும்வரை தினமும் அழுத்திக்கொண்டே போனதில் என் உண்மை எடை என்னவென்று எனக்கே தெரியாமல் போயிருந்தது. ஆறு கிலோவைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அவங்க மேல தப்பில்ல," என்றேன். "நான்தான் புடிச்சிக்கிட்டேன்."

"ஏன் அம்மா?" என்றார் சின்ன டாக்டர்.

"கவுண்டர் பக்கம் போனவங்க யாரும் திரும்பி வரல."

பெரிய டாக்டர் சார்ட்டில் எல்லா எண்ணையும் ஒரே கோடாக அடித்தார். சுமதி அடுக்கிய பையிலிருந்து துணிகளை மணியம் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். சட்டையின் மேல் சட்டை, ஓரம் ஓரமாகச் சரிசெய்து. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

பத்து நிமிஷத்தில் அட்டெண்டன் வந்து சக்கரப் பூட்டைத் தட்டினான். ஜன்னலோரத்திலிருந்து வார்டு முழுக்கத் தாண்டிக் கவுண்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். தலையைத் தூக்கிப் பார்த்தவர்களை நான் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் கட்டிலைத் தாண்டும்போது கதீஜா அக்கா என் போர்வையைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டு, "போயிட்டு வந்துரு," என்றார்.

கவுண்டர் பக்கம் என்பது ஒன்றுமில்லை. ஆக்சிஜன் குழாய் சுவரிலேயே இருக்கும். மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற சின்ன மெஷின் சத்தம் போட்டால் மிஸ்ஸிக்குக் காதில் விழும். அவ்வளவுதான். திரும்பிவராதவர்கள் அங்கே போனதால் சாகவில்லை. ரொம்ப லேட்டாகப் போனார்கள். இது எனக்கு அங்கே படுத்தபிறகுதான் புரிந்தது. யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று கோபம் வந்தது. நான் கேட்டிருக்கலாம் என்ற கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

பதினொரு நாள் அங்கே கிடந்தேன். என்னத்தைச் சொல்வது. அலுப்பு. தூக்கம் வராத அலுப்பு, தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. நாக்கு தாளைப்போல் காய்ந்து கிடக்கும். சுமதி ஐஸ் துண்டை ஒரு துணியில் கட்டிக் கொண்டுவந்து உதட்டில் ஒற்றுவாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை சின்ன டாக்டர் அந்த அலமாரியைத் தள்ளிக்கொண்டு வருவார். இப்போது பெரிய டாக்டரும் கூட வந்து பார்ப்பார். கேலி செய்தவர்களில் ஒருவர் மெஷினைத் தள்ளவும் செய்தார்.

முதல் தடவை குழாய் அசையவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை மூச்சை இழுத்தபோது அதன் சுவர் கொஞ்சம் உள்ளே வந்ததை அவர் சொல்லுமுன் நானே பார்த்துவிட்டேன். ஐந்தாம் தடவை பாதிக்கு மேல் சுருங்கியது. நான் சும்மா சும்மா மூச்சை இழுத்து அதைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும் அம்மா, களைச்சிடுவீங்கள்," என்றார்.

இதயம் மட்டும் அதே அலுத்த ஆட்டம்தான். அது சரியாகாது, மாத்திரையோடு இப்படியே ஓட்டவேண்டியதுதான் என்று நேராகவே சொல்லிவிட்டார். நேராகச் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

ரொஹானி என்னோடு நாலு நாள் பேசவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்வார். முகத்தைப் பார்க்கமாட்டார். ஐந்தாம் நாள் காலையில் எடை மிஷினை வைத்துவிட்டு, "அங்காட் தாங்ஙான்," என்றார். கையைத் தூக்கு. தூக்கினேன். ஒரு கையை. "டுவா-டுவா," என்றார். இரண்டையும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு மட்டும் அந்தத் தண்டனை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அடுத்த கட்டிலிலும் அப்படித்தான், அதற்கடுத்த கட்டிலிலும் அப்படித்தான். கதீஜா அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "போலீசு புடிச்ச மாதிரி நிக்க வச்சிட்டியேடி!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டினார். அன்றைக்கு ரொஹானியும் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது என் எடை அறுபத்துமூன்று. கள்ளமில்லாத அறுபத்துமூன்று.

சந்தைக் கடையை விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குப் போகிறேன். போன தடவை எடை எடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், நாற்பது வயசு இருக்கலாம், செருப்பைக் கழற்ற முடியாமல் கழற்றிக்கொண்டிருந்தாள். வார் இருந்த இடத்தில் பள்ளம். மிஸ்ஸி புதுசு. "கையைத் தூக்குங்க," என்று ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல் சொன்னார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "பாருங்கக்கா, எந்த மடச்சி கண்டுபுடிச்ச ரூலோ இது," என்றாள்.

"நான்தான்," என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்தபடியே ஏறி நின்று வலது கையைத் தூக்கினாள். இடது கை பக்கத்து மேசைக்குப் போனது. கவலைப்பட்ட முகம். முள் எங்கே நிற்குமோ என்ற கவலை. எனக்குத் தெரியாத முகமா அது?

"ரெண்டையும் தூக்கும்மா," என்றேன்.